தோற்கக்கூடிய ஆட்சி: இந்தோனேசியாவை முன்வைத்து ஓர் அரசறிவியல் பாடம்

உயர்தரக் கலைப்பிரிவில் அரசறிவியல் பயிலும் மாணவியருக்கு நன்கு பழக்கமான வினா ஒன்று உண்டு. ஜனநாயக ஆட்சிமுறையையும் எதேச்சாதிகார ஆட்சிமுறையையும் ஒப்பிடுக என்பதே அது. விடைத்தாளின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கத்தில் தேர்தல், பல கட்சிகள், பாராளுமன்றம், எழுதப்பட்ட அரசியலமைப்பு என்று வரிசையாக எழுதுவார்கள். மறுபக்கத்தில் தேர்தல் இல்லை, கட்சிகள் இல்லை என்று அதே வரிசை எதிர்மறையாக வரும். புள்ளிகளும் கிடைத்துவிடும். ஆனால் அந்த அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு உலகப் படத்தில் எதேச்சாதிகார நாடுகளைத் தேடப் போனால் மிகச் சிலவே அகப்படும். வடகொரியாவின் உத்தியோகபூர்வப் பெயரிலேயே 'மக்கள்', 'ஜனநாயகம்', 'குடியரசு' ஆகிய மூன்று சொற்களும் இருக்கின்றன. அங்கும் தேர்தல் நடக்கிறது. சோவியத் ஒன்றியம் 1936இல் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்பு, பேச்சுரிமையையும் எழுத்துரிமையையும் தாராளமாகவே வழங்கியது. அதற்கு அடுத்த ஆண்டில்தான் ஸ்டாலினின் களையெடுப்பு உச்சத்துக்குப் போனது.

ஆகவே வேறுபாட்டை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கிறது. போலந்தில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த அரசறிவியலாளர் ஆடம் ஷெவோர்ஸ்கி, 1991இல் வெளியான தமது நூலில் இதற்கு மிக எளிமையான ஒரு விளக்கத்தைத் தந்தார். ஆளும் கட்சி தேர்தலில் தோற்பதும், தோற்றபின் ஆட்சியை விட்டுப் போவதும் எங்கே நடக்கிறதோ அதுவே ஜனநாயகம் என்பது அவருடைய கருத்தின் சாரம். நான் வகுப்பில் இதைச் சொன்னால் மாணவியர் சிரிப்பார்கள். இவ்வளவுதானா டீச்சர் என்று கேட்பார்கள். இவ்வளவுதான். ஆனால் இது நடப்பது எவ்வளவு அரிது, நடக்காவிட்டால் ஒரு நாட்டில் என்னவெல்லாம் நேர்கிறது என்பதைப் பார்க்க ஒரு நாட்டின் கதையைச் சற்று விரிவாகப் படிக்க வேண்டும்.

பெற்றோரும் இச்சஞ்சிகையை வாசிப்பதால் இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2022இன் எரிபொருள் வரிசைகளுக்கும் எரிவாயு வரிசைகளுக்கும் பிறகு ஒரு பேச்சு வீடுகளில் அடிக்கடி கேட்கிறது. "எங்கட வாப்பா சொல்லுவாங்க டீச்சர், இந்த நாட்டுக்கு ஒரு நல்ல சர்வாதிகாரி பத்து வருஷம் வந்தாத்தான் சரிவரும்" என்று பிள்ளைகள் வகுப்பில் சொல்கிறார்கள். அதைச் சொல்லும் வாப்பாமார் கொடுமையை விரும்புகிறவர்கள் அல்லர். களவு ஒழிய வேண்டும், பஸ் நேரத்துக்கு வர வேண்டும், படித்த பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள். அதனால் அந்தக் கேள்வியை மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றே நினைக்கிறேன். ஹிட்லரைக் காட்டி அவர்களுடைய வாயை அடைப்பது எளிது, ஆனால் நியாயமில்லை. அவர்கள் கேட்பது ஹிட்லரை அல்லவே. நல்ல பெயர் எடுத்த ஓர் எதேச்சாதிகாரியின் நாட்டைத்தான் ஆராய வேண்டும்.

அதற்கு இந்தோனேசியாவைத் தேர்ந்துகொண்டேன். உலகிலேயே மிக அதிகமான முஸ்லிம்கள் வாழும் நாடு அது. நம் நாட்டு மலாய் மக்களின் முன்னோரில் பலர் ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் அதனை அண்டிய தீவுகளிலிருந்தும் இங்கு வந்தவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே மக்கள் ஒரே தலைமுறைக்குள் இரண்டு ஆட்சிமுறைகளையும் அனுபவித்த நாடு அது. இரண்டு வெவ்வேறு நாடுகளை ஒப்பிட்டால் வேறுபாடு ஆட்சிமுறையால் வந்ததா, மண்ணால் வந்ததா, மக்களால் வந்ததா என்ற குழப்பம் வரும். இங்கே அந்தக் குழப்பம் குறைவு.

இந்தோனேசியாவின் முதலாவது பொதுத் தேர்தல் 1955இல் நடந்தது. தேர்தல் நேர்மையாகவே நடந்தது. ஆனால் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தேசியக் கட்சிக்கு 22 சதவீதம், மஸ்யூமி என்ற இஸ்லாமியக் கட்சிக்கு 21, நஹ்ழதுல் உலமாவுக்கு 18, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 16 என்று வாக்குகள் சிதறின. அமைச்சரவைகள் நிலைக்கவில்லை. வெளித்தீவுகளில் கிளர்ச்சிகள் எழுந்தன. 1959 ஜூலையில் ஜனாதிபதி சுகர்ணோ, தெரிவு செய்யப்பட்ட அரசியலமைப்புச் சபையைக் கலைத்து, 1945ஆம் ஆண்டின் பழைய அரசியலமைப்பைக் கட்டளை ஒன்றின் மூலம் மீண்டும் கொண்டுவந்தார். தம் ஆட்சிக்கு அவர் இட்ட பெயர் 'வழிநடத்தப்பட்ட ஜனநாயகம்'. மாணவியரே, ஜனநாயகம் என்ற சொல்லுக்கு முன்னால் யாராவது ஒரு அடைமொழி போட்டால் சற்று நின்று கவனியுங்கள். 1960இல் மஸ்யூமி தடை செய்யப்பட்டது. 1963இல் சுகர்ணோ ஆயுட்கால ஜனாதிபதி ஆனார். 1965 செப்டெம்பர் 30 இரவு இராணுவ உயரதிகாரிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் மீது நாடெங்கும் படுகொலைகள் நடந்தன. இறந்தவர்கள் 5 இலட்சம் முதல் 10 இலட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். அந்தக் குழப்பத்தின் நடுவே 1966 மார்ச்சில் அதிகாரத்தைக் கையில் எடுத்தவர்தான் ஜெனரல் சுகார்ட்டோ. 1968இல் முறைப்படி ஜனாதிபதியானார். தம் ஆட்சிக்கு 'புதிய ஒழுங்கு' என்று பெயரிட்டார்.

இனி நியாயமாகப் பேசுவோம். சுகார்ட்டோ பொறுப்பேற்றபோது பணவீக்கம் 600 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. சில ஆண்டுகளுக்குள் அதை அவர் அடக்கினார். உலகிலேயே அதிகமாக அரிசி இறக்குமதி செய்த நாடுகளில் ஒன்றாக இருந்த இந்தோனேசியா 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்டது. அடுத்த ஆண்டு ரோமாபுரியில் ஐ.நா. உணவு, விவசாய நிறுவனம் அவரை மேடையேற்றிப் பாராட்டியது. எண்ணெய் விற்ற பணத்தில் 1973க்கும் 1978க்கும் இடையில் மட்டும் 61,000க்கு மேற்பட்ட ஆரம்பப் பாடசாலைகள் கட்டப்பட்டன. அரசாங்கப் புள்ளிவிபரப்படி 1976இல் நூற்றுக்கு 40 பேர் வறுமையில் இருந்தார்கள். 1996இல் அது 11 ஆகக் குறைந்தது. நம் வாப்பாமார் கேட்கும் 'நல்ல சர்வாதிகாரி'க்கு இதைவிடப் பொருத்தமான ஆளைக் காட்டுவது கடினம்.

அவர் தேர்தல்களையும் நடத்தினார். 1971, 1977, 1982, 1987, 1992, 1997 என்று ஆறு தேர்தல்கள். அரசாங்கமே அவற்றை 'ஜனநாயகத்தின் கொண்டாட்டம்' என்று அழைத்தது. ஆறிலும் ஆளும் அணியான கொல்கார் 62 சதவீதத்துக்கும் 75 சதவீதத்துக்கும் இடைப்பட்ட வாக்குகளைப் பெற்றது. இது எப்படிச் சாத்தியமானது என்பதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. ஏனென்றால் வாக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை மட்டுமே நாம் தேர்தல் மோசடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுகார்ட்டோவுக்கு அப்படிப்பட்ட முரட்டு வேலைகள் பெரிதாகத் தேவைப்படவில்லை. வாக்களிப்பு நாளுக்கு வெகுமுன்பே வேலை முடிந்திருந்தது.

கொல்கார் சட்டத்தின் பார்வையில் கட்சியே அல்ல. அது 'தொழிற்பிரிவினரின் அணி'. அதனால் கட்சிகளுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் அதை வருத்தவில்லை. அரசாங்க ஊழியர்கள் அதற்கே விசுவாசமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கிராமத் தலைவரிலிருந்து ஆசிரியர் வரை எல்லோரும் அந்த ஆலமரச் சின்னத்துக்காக உழைத்தார்கள். 1973இல் எஞ்சியிருந்த கட்சிகள் அனைத்தும் இரண்டு கட்சிகளாக வலிந்து இணைக்கப்பட்டன. நான்கு இஸ்லாமியக் கட்சிகள் ஒன்றாகி ஐக்கிய அபிவிருத்திக் கட்சி ஆயின. தேசியவாத, கிறிஸ்தவக் கட்சிகள் ஐந்து சேர்ந்து இந்தோனேசிய ஜனநாயகக் கட்சி ஆயின. ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்களை ஒரே வீட்டில் அடைத்ததால் அவர்கள் உள்ளுக்குள் சண்டை பிடிப்பதிலேயே காலத்தைக் கழித்தார்கள். ஐக்கிய அபிவிருத்திக் கட்சி 1977இலும் 1982இலும் கஃபாவைச் சின்னமாக வைத்துப் போட்டியிட்டது. பிறகு எல்லா அமைப்புகளும் 'பஞ்சசீல' அரச கோட்பாட்டை மட்டுமே தம் அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று அரசாங்கம் நிர்ப்பந்தித்தபோது, கஃபா போய் நட்சத்திரம் வந்தது. 1987இல் அக்கட்சியின் வாக்குகள் சரிந்தன, கொல்கார் 73 சதவீதத்தைத் தொட்டது.

இன்னொரு விதி எனக்கு எப்போதும் வியப்பூட்டும். கட்சிகள் மாவட்ட மட்டத்துக்குக் கீழே கிளைகள் வைத்திருக்க முடியாது. கிராமத்து மக்கள் அரசியலில் ஈடுபடாமல் உழைப்பில் கவனம் செலுத்தட்டும், தேர்தல் வரும்போது மட்டும் வாக்களித்தால் போதும் என்பது வாதம். இதற்கு 'மிதக்கும் மக்கள்திரள்' என்று பெயர். ஸ்பெயினில் பிராங்கோவின் ஆட்சியை ஆராய்ந்த அறிஞர் ஹுவான் லின்ஸ் 1964இல் சுட்டிய வேறுபாடு இங்கே பொருந்தும். ஹிட்லரினதும் ஸ்டாலினினதும் முற்றதிகார ஆட்சிகள், மக்கள் தெருவுக்கு வந்து ஆரவாரம் செய்ய வேண்டும், ஒரே கொள்கையை மனதார நம்ப வேண்டும் என்று கேட்டன. எதேச்சாதிகாரம் அவ்வளவு கேட்பதில்லை. பேசாமல் இருந்தால் போதும் என்கிறது. பரீட்சையில் இந்த இரண்டையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள்.

ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யவில்லை. மக்கள் ஆலோசனைச் சபை என்ற பேரவைதான் தெரிவு செய்தது. அதன் 1,000 உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாக்காளரால் தெரிவானவர்கள் அல்லர். பாராளுமன்றத்திலேயே இராணுவத்துக்கு வாக்கில்லாமல் ஆசனங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இப்படி அமைந்த சபையில் 1968 முதல் 1998 வரை ஏழு தடவைகள் சுகார்ட்டோ தெரிவானார். ஏழு தடவைகளும் வேட்பாளர் அவர் ஒருவரே.

எதிர்க்கட்சித் தலைமைகூட அரசாங்கத்தின் அனுமதியோடுதான் அமைந்தது. சுகர்ணோவின் மகள் மேகாவதி, ஜனநாயகக் கட்சியின் தலைவியாகி மக்களிடம் செல்வாக்குப் பெறத் தொடங்கியதும், 1996இல் அரசாங்க ஆதரவோடு கூட்டப்பட்ட மாநாட்டில் அவர் அகற்றப்பட்டார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்தது ஏறக்குறைய 3 சதவீதம்.

இனிக் கராம்புக்கு வருகிறேன். நம் வீடுகளில் புரியாணிக்கு நாலைந்து போடுகிறோமே, அதே கராம்புதான். இந்தோனேசியாவில் கராம்பு கலந்த சிகரெட்டை ஆண்களில் பெரும்பாலோர் புகைப்பார்கள். அதனால் அங்கே அது சமையலறைச் சரக்கல்ல, பெரும் தொழில். 1990களின் தொடக்கத்தில் சுகார்ட்டோவின் இளைய மகனின் தலைமையிலான ஓர் அமைப்புக்குக் கராம்பு வாணிபத்தின் ஏகபோக உரிமை வழங்கப்பட்டது. விவசாயி அதற்கே விற்க வேண்டும். சிகரெட் நிறுவனங்கள் அதனிடமே வாங்க வேண்டும். விவசாயியின் விலையை உயர்த்துவதற்காக என்று காரணம் சொன்னார்கள். வாங்கிய கராம்பு குவிந்தது, விற்கவில்லை. விவசாயிக்குக் கிடைத்த விலை சரிந்தது. பலர் மரங்களைப் பராமரிக்காமல் கைவிட்டார்கள். சிலர் வெட்டினார்கள்.

கராம்பு விவசாயி ஒருவரின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். அவர் யாரிடம் போய் முறையிடுவார்? கிராமத் தலைவர் கொல்காருக்கு வேலை செய்பவர். எதிர்க்கட்சிக்கு அவருடைய கிராமத்தில் கிளை கிடையாது. பாராளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை வேட்பாளராவதற்கு அரசாங்கத்தின் சோதனையைத் தாண்ட வேண்டும். பத்திரிகை எழுதுமா? 1994 ஜூன் மாதம் 'தெம்போ', 'எடிட்டர்', 'டெத்திக்' என்ற மூன்று வார இதழ்களின் அனுமதிப் பத்திரங்கள் ஒரே நாளில் இரத்துச் செய்யப்பட்டன. பழைய கிழக்கு ஜெர்மனியின் போர்க்கப்பல்கள் 39ஐ வாங்கிய விவகாரத்தைத் 'தெம்போ' எழுதியிருந்தது. அதைப் பார்த்த மற்ற ஆசிரியர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். இங்கே ஆட்சியாளர் கெட்டவரா நல்லவரா என்பது இரண்டாவது கேள்வி. பிழை நடக்கிறது என்று ஆட்சியாளருக்குச் சொல்ல எவருக்கும் வழியில்லை என்பதே முதலாவது. முதல் பத்தாண்டுகளில் பாடசாலை கட்டிய அதே கை, கடைசிப் பத்தாண்டுகளில் பிள்ளைகளுக்கு ஏகபோகங்களைப் பங்கிட்டது. இடையில் மாறியது மனிதர் மட்டுமா என்றால், இல்லை. அவரைச் சுற்றி 'வேண்டாம்' என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோனார்கள்.

சிலர் சிங்கப்பூரைக் காட்டுவார்கள். லீ குவான் யூ 1959 முதல் 1990 வரை பிரதமராக இருந்து ஒரு நகரத்தை உலகம் வியக்கும் இடமாக்கினார் என்பது உண்மைதான். ஆனால் லீயைத் தேடி ஒரு நாடு கதவைத் திறந்து வைத்தால் உள்ளே வருவது லீயாகத்தான் இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? சயீர் நாட்டில் மொபுட்டு 1965இலிருந்து 1997 வரை ஆண்டார். அவரும் ஊழலை ஒழித்து ஒழுங்கைக் கொண்டுவருவதாகச் சொல்லித்தான் வந்தார். செப்பும் வைரமும் நிறைந்த நாட்டை வறுமையில் விட்டுவிட்டு ஓடினார். பிலிப்பைன்ஸின் மார்க்கோஸ் கதையும் நமக்குத் தெரியும். இவர்களில் யார் கிடைப்பார் என்பது வருமுன் தெரியாது. வந்தபின் மாற்ற முடியாது. பத்து வருடங்கள் மட்டும் என்று வாப்பாமார் சொல்கிறார்களே, பத்து முடிந்ததும் போகச் சொல்வது யார்?

1997 மே 29இல் நடந்த தேர்தலில் கொல்கார் 74 சதவீதத்துக்கு மேல் பெற்றது. அந்த அணி பெற்ற மிகப்பெரிய வெற்றி அதுதான். சில வாரங்களில் தாய்லாந்தில் தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடி இந்தோனேசியாவையும் பிடித்தது. நெருக்கடிக்கு முன் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 2,400 ரூபியா இருந்தது. 1998இன் முதற் பாதியில் அது 16,000ஐயும் தாண்டிச் சரிந்த நாட்கள் இருந்தன. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதைக் கண்ட நமக்கு, ஆறேழு மடங்கு என்றால் என்னவென்று ஓரளவு புரியும். அந்த நிலையிலும் 1998 மார்ச்சில் பேரவை சுகார்ட்டோவை ஏழாவது முறையாக ஏகமனதாகத் தெரிவு செய்தது. மே தொடக்கத்தில் எரிபொருள் விலை ஏறியது. மே 12இல் ஜகார்த்தாவின் திரிசக்தி பல்கலைக்கழக மாணவர் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாட்களில் நகரம் எரிந்தது. 1,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சீன வம்சாவளியினரின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. மாணவர்கள் பாராளுமன்றக் கட்டடத்தின் கூரைமீது ஏறி அமர்ந்தார்கள். அதுவரை அவருக்கு விசுவாசமாக இருந்த சபாநாயகரே பதவி விலகும்படி கேட்டார். அமைச்சர்கள் 14 பேர் புதிய அமைச்சரவையில் சேர மறுத்தார்கள். மே 21 காலை சுகார்ட்டோ விலகினார்.

இந்த இரண்டு திகதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி என் மாணவியரிடம் சொல்வேன். 1997 மே 29இல் 74 சதவீதம். 1998 மே 21இல் ஆட்சி இல்லை. இடைவெளி ஓராண்டுகூட இல்லை. தேர்தல் என்பது மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆட்சியாளர் தெரிந்துகொள்ளும் கருவி என்றால், அந்தக் கருவியை அவரே உடைத்து வைத்திருந்தார். வாக்குச்சீட்டில் சொல்ல முடியாததைத் தெருவில் சொன்னார்கள். அதற்குப் பிணங்களால் விலை கொடுக்க வேண்டியிருந்தது. எதேச்சாதிகாரம் உறுதியான ஆட்சி என்று சொல்வார்கள். உறுதியாகத்தான் இருக்கிறது, விழும் நாள் வரை.

சுகார்ட்டோவுக்குப் பின் வந்தவர் உப ஜனாதிபதி ஹபீபி. ஜெர்மனியில் கற்று, அங்கே விமானத் தொழிலில் பணியாற்றிய பொறியியலாளர். சுகார்ட்டோவின் செல்லப்பிள்ளை என்று பெயரெடுத்தவர். 'தெம்போ' எழுதிய கப்பல் விவகாரத்தில் கப்பல்களை வாங்க முன்னின்றவரும் அவர்தான். அவரிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. அந்த மனிதர் 17 மாதங்களில் செய்தவற்றைப் பாருங்கள். அரசியல் கைதிகளை விடுவித்தார். பத்திரிகை அனுமதி முறை தளர்ந்தது, 'தெம்போ' மீண்டும் வந்தது. 1999ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் அனுமதிப் பத்திர முறையையே ஒழித்தது. 1999 ஜூன் 7இல் 48 கட்சிகள் போட்டியிட்ட தேர்தல் நடந்தது. மேகாவதியின் கட்சி 33 சதவீதத்துக்கு மேல் பெற்று முதலாவதாக வந்தது. ஜனாதிபதியின் கட்சியான கொல்கார் 22 சதவீதத்துடன் இரண்டாவதாகியது. அதே ஆகஸ்டில் கிழக்குத் திமோரில் வாக்கெடுப்பு நடந்து, 78 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பிரிந்து செல்ல வாக்களித்தார்கள். அதையடுத்து இராணுவ ஆதரவுக் குழுக்கள் அங்கே நடத்திய அழிவு பெரியது. ஹபீபியின் மீது எல்லாப் பக்கத்திலிருந்தும் கோபம் திரும்பியது.

அக்டோபர் 19 இரவு பேரவை ஹபீபியின் பொறுப்புக்கூறும் உரையை வாக்கெடுப்புக்கு விட்டது. ஏற்க 322, நிராகரிக்க 355. முப்பத்து மூன்று வாக்குகளால் தோற்றார். ஜனாதிபதிப் போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போனார். இராணுவம் தெருவுக்கு வரவில்லை. வாக்குகளை மறுபடி எண்ணும்படி யாரும் மிரட்டப்படவில்லை. சுகர்ணோவும் சுகார்ட்டோவும் நெருக்கடியில் தள்ளப்பட்டுப் போனவர்கள். ஒரு வாக்கெடுப்பில் தோற்று, அதை ஏற்று, அமைதியாகப் போன முதலாவது இந்தோனேசிய ஜனாதிபதி ஹபீபி. என் கணிப்பில் அந்த நாட்டில் ஜனநாயகம் பிறந்தது சுகார்ட்டோ விலகிய மே மாதக் காலையில் அல்ல, இந்த அக்டோபர் இரவில்தான். சர்வாதிகாரி விழுவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. அடுத்தவர் தோற்கச் சம்மதிப்பதுதான் எல்லா இடத்திலும் நடப்பதில்லை.

பிறகு அரசியலமைப்பு நான்கு தடவைகள் திருத்தப்பட்டது. ஜனாதிபதிக்கு இரண்டு பதவிக்காலங்களே என்று வரையறை வந்தது. இராணுவத்தின் ஆசனங்கள் போயின. 2004இல் மக்கள் முதன்முறையாக நேரடியாக ஜனாதிபதியைத் தெரிவு செய்தார்கள். பதவியில் இருந்த மேகாவதி தோற்றார்.

இதைப் படித்துவிட்டு இந்தோனேசியா இப்போது சொர்க்கபூமி என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ஊழல் ஒழியவில்லை. முன்பு அரண்மனையில் மட்டும் இருந்தது மாவட்டங்களுக்கும் பரவியது என்று இந்தோனேசியர்களே கசப்போடு சொல்வதுண்டு. 2023இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வேட்பாளர் வயதெல்லையைத் தளர்த்தியபோது, அப்போதைய ஜனாதிபதியின் மகன் உப ஜனாதிபதி வேட்பாளராக வழி பிறந்தது. தீர்ப்பளித்த பிரதம நீதியரசர் அந்த ஜனாதிபதியின் தங்கையை மணந்தவர். வெட்கக்கேடான விடயம். ஆனால் அது பத்திரிகைகளில் வந்தது, முறைப்பாடு செய்யப்பட்டது, ஒழுக்கக் குழு விசாரித்து அவரைத் தலைமைப் பதவியிலிருந்து அகற்றியது. தீர்ப்பு நின்றது, மகனும் வென்றார். ஜனநாயகம் பிழைகளைத் தடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கராம்பு விவசாயிக்கு இல்லாமற்போன வழிகள் இங்கே இருந்தன. அந்த வழிகள் எப்போதும் வென்று தருவதில்லை என்பதும் உண்மை.

பெரும்பான்மையின் வாக்கே பிறரின் உரிமையைப் பறிப்பதும் உண்டு. அதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. 1931இல் இந்நாட்டு ஆண்களும் பெண்களும் வாக்குரிமை பெற்றார்கள். பிரான்ஸ் நாட்டுப் பெண்கள் 1944 வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றம் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் விளைவாக, 1947 தேர்தலில் வாக்களித்த மலையகத் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோர் 1952 தேர்தலில் வாக்களிக்க முடியாதவர்களானார்கள். எல்லாம் சட்டப்படியே, வாக்கெடுப்பின் மூலமே நடந்தது. அதனால்தான் தேர்தலோடு நீதிமன்றமும் சிறுபான்மையினரின் உரிமைகளும் பத்திரிகையும் சேர்த்துப் பேசப்படுகின்றன.

1956 முதல் 1977 வரை நம் நாட்டு அரசாங்கங்கள் தேர்தலில் மாறி மாறித் தோற்றன, தோற்றவர்கள் போனார்கள். மூன்றாம் உலக நாடுகளில் இது அபூர்வமான பெருமை. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. அந்தப் பாராளுமன்றத்தின் காலம் 1983இல் முடிய வேண்டும். தேர்தல் நடத்தினால் அந்த ஆறில் ஐந்து பெரும்பான்மை குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். புதிய விகிதாசார முறை வேறு வந்திருந்தது. ஆகவே 1982 டிசம்பர் 22இல், இதே பாராளுமன்றம் இன்னும் ஆறு ஆண்டுகள் இருக்கலாமா என்று சர்வசன வாக்கெடுப்பு ஒன்று நடத்தப்பட்டது. ஆம் என்பதற்கு விளக்குச் சின்னம், இல்லை என்பதற்குக் குடம். விளக்குக்கு 54 சதவீதத்துக்குச் சற்று மேல் கிடைத்தது. அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் வந்தது. 1977 ஜூலையில் 18 வயதில் முதன்முதலாக வாக்களித்த ஒரு பெண், தன் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரை மாற்றலாமா என்று இரண்டாவது தடவை கேட்கப்பட்டபோது ஏறக்குறைய 30 வயதை அடைந்திருந்தாள்.